ஏழாவது காய்

நான் சொன்னதுதான் சரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் தொனா பெல்மார் வந்தார். எண்பத்திரண்டு வயது மனிதர். மார்ச் மாதச் சேற்றில் பஸ் பிடித்து, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, என் வீட்டு மாடிப்படி பதினேழையும் ஏறி வந்திருக்கிறார். கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்பையிலிருந்து இருமல் மிட்டாய் டப்பா ஒன்றை எடுத்துச் சமையல் மேசைமேல் வைத்தார். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் அந்த டோக்கன்.

"படம் மட்டும் எடு, லோரெத். வேற எதுவும் பண்ணாத."

"வேற என்ன பண்ணப் போறேன்? வறுத்துத் தின்னவா போறேன்?"

"உன்னை எனக்குத் தெரியும்," என்றார். "சனிக்கிழமை திருப்பிக் குடுத்துடு."

டீ வேண்டாமென்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு கேட்டது.

டோக்கன் என்றால் என்ன பெரிய பொக்கிஷம் என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே சில்லறைத் தட்டுப்பாடு. மொன்ரியால் வங்கிக்காரர்கள் ஒரு சூ, அதாவது ஒரு காசு, மதிப்புக்குச் செப்பு வில்லைகள் அடிக்கச் சொல்லிப் புழக்கத்தில் விட்டார்கள். ஒரு பக்கம் பூங்கொத்து, மறுபக்கம் இலைவளையம். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். இதைச் சேர்த்து வைக்கிற எங்களுக்கு மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட வகை. கொத்தில் எத்தனை இலை, வளையத்தில் எத்தனை காய், நாடாவின் நுனி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எண்ணியெண்ணிப் பிரித்து வைத்திருக்கிறோம். எங்களைத் தவிர உலகத்தில் ஒருத்தருக்கும் இதைப் பற்றிக் கவலை கிடையாது. ஆனால் எங்களுக்குள் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊர் த்ருவா-ரிவியேரில் டோக்கன் சேர்ப்பவர்களின் சங்கம் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மாதா கோயில் நிலவறையில் கூடும். சங்கத்துக்கென்று ஒரு வகைப் பட்டியல் புத்தகம் உண்டு. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண், ஒரு விவரம், அதன் கீழே அதைக் கண்டுபிடித்தவர் பெயர். இந்த வருஷம், 1979-இல்தான், முதல்முறையாகப் படங்களோடு அச்சடிக்கப் போகிறோம். சங்கத்தில் நல்ல கேமரா வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். திங்கட்கிழமை எல்லாம் அச்சகத்துக்குப் போக வேண்டும். பாக்கியிருந்த படம் ஒன்றே ஒன்று. வகை நாற்பத்தொன்று: இடது பக்கம் ஏழு காய். கண்டுபிடித்தவர், மரியெல் பெல்மார். தொனாவின் மனைவி. இறந்து நான்கு வருஷம் ஆகிறது.

உலகத்திலேயே ஏழு காய் உள்ள டோக்கன் அந்த ஒன்றுதான். மருந்துக்கடைப் பெண்ணிடம், பஸ் டிரைவரிடம், பாதிரியாரிடம், யாரிடம் பேச ஆரம்பித்தாலும் தொனா மூன்றாவது வாக்கியத்தில் "என் பொண்டாட்டி பேரு புக்குல இருக்கு" என்று வந்து நிற்பார். அவருக்கு அதுதான் மிச்சம்.

நானும் மரியெலும் காகித ஆலையில் எதிரெதிரே உட்கார்ந்து தாள் பார்த்தவர்கள். கட்டுக் கட்டாக வரும் தாளை விசிறிப் பிரித்து, கறை, சுருக்கம், ஓட்டை இருப்பதை உருவி எறிய வேண்டும். அதுதான் வேலை. முப்பத்தொரு வருஷம் நான் அதைச் செய்தேன். ஒரு கடுகளவு கறை என் கண்ணிலிருந்து தப்பாது. மரியெல் கண்ணிலிருந்தும் தப்பாது. ஞாயிறு ஆனால் இரண்டு பேரும் பழைய பொருள் சந்தைகளில் டோக்கன் பொறுக்கப் போவோம். என்ன கிடைத்தாலும் வேர்க்கடலை மாதிரிப் பாதிப் பாதி பங்கு.

1961-இல் அவள் ஏழு காய் டோக்கனைக் கொண்டு வந்தாள். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணுகிறவர் எழுதக் கூடாது, எழுதுகிறவர் எண்ணக் கூடாது. ஒருவர் லென்ஸில் பார்த்து வாய்விட்டு எண்ண வேண்டும், மற்றவர் கேட்டதை எழுத வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் ஆசைப்பட்டதைத்தான் எழுதுவான் என்று சங்கத்தைத் தொடங்கியவர்கள் வைத்த ஏற்பாடு. வீட்டிலேயே மரியெல் எண்ணியிருந்தாள், தொனா எழுதியிருந்தார். ஏழு.

லென்ஸ் என் கைக்கு வந்ததும் பார்த்தேன். "இது காய் இல்லை, அழுக்கு," என்றேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஜோடியாக உட்கார்ந்து எண்ணுவது என்ன நியாயம் என்றும் கேட்டேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் என் வாய் அப்படி. "எண்ணெய் போட்டு ஊற வைச்சு ஒரு முள்ளால நெருடிப் பார்க்கலாம், குடு," என்றேன். மரியெல் டோக்கனை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "கை வைச்சுப் பாரு," என்றாள். கை தூக்கி முடிவு செய்தார்கள். எட்டுப் பேர் அவள் பக்கம், நான் ஒருத்தி எதிர்ப்பக்கம்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் அதே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து "அந்தக் கட்டைத் தள்ளு" என்பதைத் தவிர வேறு பேசவில்லை. அவள் சாவுக்குப் போனேன். கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது அந்த டோக்கன் என் சமையல் மேசைமேல் இருந்தது.

விளக்கைப் பக்கவாட்டில் வைத்து லென்ஸில் பார்த்தேன். முதல் ஆறு காய்க்கும் நிழல் கத்தி மாதிரி விழுந்தது. ஏழாவதன் நிழல் மழுங்கலாக இருந்தது. ஓரத்தில் ஒரு பச்சை. செப்புப் பாத்திரத்தில் களிம்பு பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சை தெரியும்.

எழுந்து நடந்தேன். ஜன்னலுக்குப் போனேன், அடுப்புக்குப் போனேன், திரும்ப மேசைக்கு வந்தேன். ஆற்றில் பனிக்கட்டி உடைய ஆரம்பித்திருந்தது. நாள் முழுக்க யாரோ மரச்சாமான் இழுப்பது போலச் சத்தம். அந்தச் சத்தம் வேறு என்னை உட்காரவிடவில்லை. படம் மட்டும் எடு என்று சொல்லியிருக்கிறார், எடு, மூடி வை என்று எனக்கு நானே இரண்டு தரம் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது தரம் சொல்லும்போது மருந்துக்கடையில் வாங்கிய ஆலிவ் எண்ணெய்ப் புட்டி என் கையில் இருந்தது. ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு. ஊறினால்தான் என்ன, காயாக இருந்தால் எண்ணெய் அதை என்ன செய்துவிடும் என்று நியாயம் பேசிக்கொண்டேன்.

வியாழன் மத்தியானம் தீப்பெட்டியைத் திறந்தேன். கோடையில் ரோஜாச் செடியிலிருந்து ஒடித்துச் சேர்த்து வைத்த முட்கள் அதில் இருக்கும். ரோஜா முள் களிம்பைக் கிளறும், செப்பைக் கீறாது. இந்தத் தொழில் பண்ணுகிற எல்லார் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். முள் நுனியை ஏழாவது காயில் சும்மா வைத்தேன். அழுத்தக்கூட இல்லை. பச்சைப் பொடியாக உதிர்ந்து எண்ணெயில் மிதந்தது. கீழே வழவழவென்று வெறும் செப்பு.

நான் சிரித்தேன். தனியாக, சமையலறை நடுவில் நின்று, வயிறு வலிக்கச் சிரித்தேன். பதினெட்டு வருஷம். எட்டுப் பேருக்கு எதிராக நான் ஒருத்தி.

சிரித்து முடித்து முள்ளை ஏப்ரனில் துடைத்தேன். துடைத்த பிறகுதான் கேமராவைப் பார்த்தேன். முக்காலியின் மேல், மூடி கழற்றாமல் நின்றுகொண்டிருந்தது.

முதலில் படம், அப்புறம்தான் கை. புதிதாகச் சேருகிற எவனுக்கும் நான் முதல் நாள் சொல்கிற பாடம் அது. நானே எடுக்கவில்லை. இப்போது மேசையில் இருப்பது சாதாரண ஆறு காய் டோக்கன், எந்தச் சந்தையிலும் டாலருக்கு ஒன்று கிடைப்பது. ஏழாவது களிம்புதான் என்பதற்குச் சாட்சி என் ஏப்ரனில் ஒரு பச்சைக் கறை. யார் நம்புவார்கள்? பொறாமை பிடித்தவள், செத்துப்போனவளின் காயைச் சுரண்டி எடுத்துவிட்டாள் என்பார்கள். சொல்லட்டும், போகிறார்கள். ஆனால் தொனா? அந்த மனிதர் பஸ்ஸில் ஏறி டிரைவரிடம் இனி என்ன சொல்வார்?

வெள்ளிக்கிழமை முழுக்க எனக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. பூட்ஸைப் போட்டேன், கழற்றினேன். பட்டாணி சூப் வைத்தேன், அடிப்பிடிக்கவிட்டேன். சங்கத் தலைவர் ரெஜான் போன் செய்தான். தபால் ஆபீஸ்காரன், நாற்பது வயது, நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"நாற்பத்தொண்ணு ஆச்சா, மதாம்?"

"ஆகும்."

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு? காய் எத்தனைன்னு மறுபடியும் சண்டை போட்டுடாதீங்க. கிழவர் தாங்க மாட்டாரு."

"உன் வேலையைப் பாரு," என்று வைத்துவிட்டேன்.

பிறகு நான் செய்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. மெழுகுவத்தியில் ஒரு துளி எடுத்து, பழுப்பு ஷூ பாலிஷைக் கலந்து, ஊசி நுனியால் உருட்டி, ஏழாவது காயை அதே இடத்தில் ஒட்டினேன். மூன்று தரம் கோணலாக வந்தது. நான்காவது தரம், ஐயோ, அவ்வளவு அழகாக உட்கார்ந்தது. வங்கிக்காரன் அச்சிலேயே அப்படி வந்திருக்காது. கேமராவைத் திறந்தேன். விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன். தாளில் கறையைப் பொறுக்கி எறிந்தே சாப்பிட்டவள் நான். என் கையால் ஒரு கறையை வைத்தது அதுதான் முதல்தரம்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். பாலத்தின் மேல் போகும்போது கீழே பனிப்பாளங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி முட்டிக்கொண்டிருந்தன. மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். இந்தாங்க தொனா, படம் எடுத்தாச்சு. அவ்வளவுதான். டப்பாவைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். படம் சரியாக விழவில்லை, புத்தகத்தில் வெறும் விவரம் மட்டும் போடு என்று ரெஜானிடம் சொல்லிவிடலாம்.

தொனா கதவைத் திறந்ததும் என்னைச் சமையல் மேசைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தார். மேசைமேல் லென்ஸ், ஒரு நோட்டு, பேனா எல்லாம் தயாராக இருந்தன.

"கண்ணுல புரை. ஜூன்ல ஆபரேஷன். ஒரு மண்ணும் தெரிய மாட்டேங்குது," என்றார். "புக்கு அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தரம் எண்ணிடு. நீ எண்ணு, நான் எழுதறேன்."

"எதுக்கு இப்ப? அதான் எழுதியிருக்கே."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

டப்பாவைத் திறந்து கொடுத்தேன். அவர் டோக்கனைக் கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார், எனக்குத் திருப்பிக் கொடுத்தார். பேனாவைத் திறந்துகொண்டார்.

லென்ஸை வைத்தேன். நாடா முடிச்சிலிருந்து மேலே போக வேண்டும்.

"ஒண்ணு," என்றேன். "ரெண்டு. மூணு."

பேனா காத்திருந்தது. பக்கத்து அறையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நாலு. அஞ்சு. ஆறு."

ஏழாவது அங்கே இருந்தது. என் கண்ணெதிரே, கச்சிதமாக, நிழலோடு. சொல்ல வேண்டியது ஒரு சொல். சொன்னால் அந்த மனிதர் நிம்மதியாகச் சாவார், நானும் பஸ் பிடிப்பேன். வாயைத் திறந்தேன். வரவில்லை. முப்பத்தொரு வருஷம் ஒரே வேலை பார்த்த கண்ணுக்கு அது காயாகத் தெரியவே இல்லை.

"அவ்வளவுதான் தொனா," என்றேன். "ஆறு."

அவர் நோட்டில் ஆறு என்று எழுதினார். பெரிய எழுத்தில், குருடர் எழுதுவது போலத் தடவித் தடவி எழுதினார். மூடியைப் போட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கும் அவ ஆறோடதான் நிறுத்தினா," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அறுபத்தொண்ணுல. அவ ஆறுன்னு நிறுத்திட்டு லென்ஸை இறக்கிட்டா. நான் தோளுக்கு மேல எட்டிப் பார்த்தேன். எனக்கு ஏழு தெரிஞ்சுது. ஏழுன்னு எழுதிட்டேன். அவ நோட்டைப் பார்த்துட்டு, 'ஒண்ணை விட்டுட்டேன் போலிருக்கு'ன்னா. மறுபடி பார்த்தா, அவளுக்கும் ஏழு தெரிஞ்சுது. எழுதியிருக்கறதுதானே தெரியும்."

"எதுக்கு அப்படிப் பண்ணினீங்க?"

"அந்த வருஷம்தான் உன் பேரு புக்குல வந்துது. வகை நாற்பது. வீட்டுக்கு வந்தும் அதையே பேசிட்டிருந்தா, லோரெத்துக்கு என்ன கண்ணு, என்ன கண்ணுன்னு. அவ சந்தோஷமாத்தான் சொன்னா. எனக்குத்தான் பொறுக்கலை."

நான் லென்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு வருஷம் போனதும் அவளுக்கே சந்தேகம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து, சூப் கொதிக்கிற வரைக்கும் இங்கதான் உட்கார்ந்து எண்ணுவா. நீ உட்கார்ந்திருக்கியே, அந்த நாற்காலிதான். வாய்விட்டுத்தான் எண்ணுவா. எப்பவும் ஆறோட நிறுத்திடுவா. நான் அடுப்புகிட்ட நின்னுட்டு ஏழும்பேன். பேசாம டப்பால வைச்சுடுவா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"ஒரு நாள் கிளம்பினா. கோட்டு, தொப்பி எல்லாம் போட்டுட்டா. கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டா. என்னடின்னு கேட்டேன். 'அவ சிரிப்பா'ன்னா."

நான் சிரிக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வியாழக்கிழமை என் சமையலறை ஞாபகம் வந்தது.

"சிரிச்சிருப்பேன்," என்றேன்.

"ஆமா. நல்லாச் சிரிச்சிருப்பே," என்றார் தொனா. "அப்புறம் டீ போட்டிருப்பே. அவகிட்ட நான் அதைத்தான் சொன்னேன். கேக்கலை."

நான் அழுதேன். அழுகிற ஆளில்லை நான், ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மூக்கு வடிய அழுதேன். அவள் ஏறி வராத என் வீட்டுப் பதினேழு படியையும் நான் தாண்டிப் போகாத ஒரு பாலத்தையும் நினைத்து அழுதேன். தொனா எழுந்து தட்டுத் தடுமாறி ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு டோக்கனை வாங்கி, நகத்தால் வளையத்தைத் தடவி, அந்த ஏழாவது காயைச் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

"ஆலிவ் எண்ணெய் வாசனை வாங்கும்போதே அடிச்சுது. இது என்ன, ஷூ பாலிஷா?"

"ஆமா."

"கொஞ்சம் நல்ல பாலிஷா வாங்கக் கூடாதா, லோரெத்?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்கு இருமல் வரும்வரை சிரித்தோம்.

"என்கிட்ட குடுத்தா கை வைப்பேன்னு தெரியும்ல?"

"தெரியும். நாலு வருஷம் மனசு வரலை. நானே தப்புன்னு சொல்லவும் வாய் வரலை." டோக்கனைப் பஞ்சில் வைத்தார். "எடுத்துடு அவ பேரை. உன் பேரைப் போட்டுக்கோ. பதினெட்டு வருஷமா கேட்டுட்டே இருந்தியே."

எங்கள் புத்தகத்தில் வகை ஒன்று பொய் என்று தெரிந்தால் அந்த எண்ணை அழிக்க மாட்டோம். எண் அப்படியே நிற்கும். ஏன் நீக்கினோம் என்று ஒரு வரி, பொய்யென்று கண்டவர் யார் என்று ஒரு பெயர். புதிய வகை கண்டுபிடிப்பதைவிட அந்த வரியில் பெயர் வருவதற்குத்தான் எங்களுக்குள் அடிதடி. நான் அதைக் கனவில்கூட அச்செழுத்தில் பார்த்திருக்கிறேன்: லோரெத் துவால்.

ஞாயிறு மத்தியானம் நிலவறையில் ரெஜான் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் காபிக் கோப்பைகளோடு சுற்றி நின்றார்கள். தொனா கோட்டோடு முன் வரிசையில் இருந்தார். நாற்பத்தொன்றுக்குப் படம் இல்லை என்றேன். முள், எண்ணெய், பாலிஷ், எதையும் மறைக்காமல் சொன்னேன். யாரோ ஸ்பூனைக் கீழே போட்டார்கள்.

"சரி, சொல்லுங்க," என்றான் ரெஜான்.

"நாற்பத்தொண்ணு, நீக்கப்பட்டது. ஏழாவது காய் வெறும் களிம்பு. கண்டறிந்தவர், மரியெல் பெல்மார்."

ரெஜான் விரல்களைத் தூக்கிவிட்டான். தொனா தலையைக் குனிந்துகொண்டார். அவர் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"மதாம், பதினெட்டு வருஷமா கத்தினது நீங்கதானே?"

"நான் கத்தினேன்," என்றேன். "அவ எண்ணினா. நீ எழுது."